ராம் துரை போன பிறகு

ரங்கூனின் தாமுவேயில் ரூபாவின் வீட்டுக்கு இன்றைக்கும் ‘பெல்லையா வீடு’ என்றுதான் பெயர். பெல்லையா ரூபாவின் அம்மாவுக்குத் தாத்தா. அவர் இறந்து எழுபது வருடம் ஆகிறது. அவர் இருந்த மரவீட்டை இடித்து நாலு மாடி எழுப்பினார்கள். அதில் மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும் மட்டும் இவர்கள் பங்குக்கு மிஞ்சின. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதென்ன பெயர் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கோவில் மணியடித்தவர், மணிக்கு இங்கிலீஷில் பெல், அதனால் பெல்லையா என்பதுதான் அதிகம் பேர் சொன்னது.

ரூபாவுக்கு வயது நாற்பத்தொன்பது. லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் முகவரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அவள் வேலை. காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் தெருமுனையில் நின்றால்தான் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க முடியும். அந்த பஸ்ஸை ஊரில் எல்லோரும் ஃபெரி என்பார்கள். ஒன்றேகால் மணி நேரப் பயணம். அதில் பாதி நேரம் தூங்குவாள்.

அவள் கணவன் சந்திரன் பதினோரு வருடத்துக்கு முன் மலேசியாவுக்குப் போனவன். கிள்ளானில் மர நாற்காலி செய்யும் இடத்தில் வேலை. முதல் மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் பேசினான். பிறகு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு தீபாவளிக்கு மட்டும். கடைசியாகப் பேசி ஆறு வருடம் ஆகிறது. அங்கிருந்து திரும்பி வந்த கமால் என்ற பக்கத்துத் தெருக்காரர் ஒருநாள் படிக்கட்டில் அவளை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, அவன எதிர்பாக்காதீங்க. அங்க வேற குடும்பம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். ரூபா அதை யாரிடமும் சொல்லவில்லை. மகள் ராஜியிடம் அப்பா வருவார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது ராஜிக்குப் பதினாறு வயது.

ரூபாவும் காத்துத்தான் இருந்தாள். அதற்கு ஒரு காரணம் அம்மா சொன்ன கதை.

பெல்லையாவைப் பெற்றவர் ஒரு வெள்ளைக்காரர். ஆனால் இங்கிலீஷ்காரர் அல்ல, அமெரிக்கக்காரர். யெனாஞ்சவுங்கில் எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தவர். பெயர் ராம் துரை. மாயவரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, காலராவில் அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்த ராமாயி என்ற பெண், கிணறு தோண்டுகிறவர்கள் தங்கிய கொட்டகையில் சமையல் செய்தாள். அவளை ராம் துரை ரங்கூனுக்குக் கூட்டிவந்து வீடு பார்த்து வைத்தார். பிள்ளைக்கு நாலு வயதானபோது, ஊருக்குப் போய் நிலம் வாங்கிவிட்டுக் கூட்டிப்போகிறேன் என்று கப்பலேறினார். ராமாயி சாகிறவரைக்கும் கப்பல் வருகிற ஒவ்வொரு நாளும் துறைமுகத்தில் போய் நின்றாள்.

சந்திரனின் போன் நின்றுபோன வருடம் அம்மா உயிரோடு இருந்தாள். இந்தக் கதையை முடித்துவிட்டு, “நம்ம வம்சத்துப் பொம்பளைங்க அப்படி. காத்திருக்கத் தெரிஞ்சவங்க” என்றாள். மகளைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். ரூபாவுக்கு அது கழுத்தில் ஏறிய சுமையாக இருந்தது.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு மதியம். அமெரிக்காவுக்குப் போகிற பெட்டிகள் அடுக்கியிருந்தன. சீட்டில் சரக்கைப் பெற்றுக்கொள்கிறவர் பெயர் ஹிராம் என்று தொடங்கியது. ரூபா அந்தப் பெயரை அதற்கு முன் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தாள். ஹி-ராம். கையிலிருந்த பேனாவை மூட மறந்து அப்படியே நின்றாள்.

“ரூபா அக்கா, என்ன ஆச்சு? தப்பா இருக்கா?” என்று பர்மியில் கேட்டாள் பக்கத்து மேசைப் பெண்.

“இல்ல, சரியா இருக்கு.”

திரும்புகிற ஃபெரியில் அவள் தூங்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு எப்படி ராம் என்று பெயர் வந்தது என்று இத்தனை வருடத்தில் வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை. ஹிராம் என்பதுதான் ராமாயி வாயில் ராம் ஆகியிருக்கிறது. அப்படியானால் பெல்? பாயின்னவுங் பாலம் தாண்டும்போது அதுவும் விளங்கிவிட்டது. கோவில் மணியும் இல்லை, ஒன்றும் இல்லை. பெல் என்பது அப்பன் பெயர்.

வீட்டில் கரண்ட் இல்லை. ராஜி தாமுவே சந்தை அருகே ஒரு போன் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்த போனில், அரசாங்கத் தடையை மீறி இணையம் பார்க்கும் வழியைப் போட்டுக் கொடுத்தாள். ரூபா ‘ஹிராம் பெல், பர்மா, எண்ணெய்’ என்று ஆங்கிலத்தில் தட்டினாள். யார் யாரோ வந்தார்கள். மூன்று நாள் தேடினாள். நாலாவது நாள், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் பழைய குடும்பங்களைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே எழுதி வைத்திருந்த பக்கம் ஒன்று கிடைத்தது.

ராஜி தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் பெரும்பாலும் பர்மியில்தான் வரும். அவளுக்காக ரூபா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஹிராம் பெல் 1856-ல் பிறந்தவர். அப்பா அம்மா மேற்கே நிலம் தேடி மாட்டுவண்டியில் போகிற வழியில், கூண்டு வண்டிக்குள்ளேயே பிறந்தார். மரமே இல்லாத புல்வெளி அது. புல்லோடு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கி, அந்த மண்வீட்டில் வளர்ந்தார். பதினெட்டு வயதில், வானத்தை மறைத்துக்கொண்டு வந்த வெட்டுக்கிளிகள் பயிரை மட்டுமல்ல, கலப்பைக் கைப்பிடியைக்கூட அரித்துவிட்டன. அந்த வருடம் அம்மாவும் இரண்டு தங்கைகளும் பட்டினியோடு காய்ச்சலில் போனார்கள். பிறகு அவர் தண்ணீர்க் கிணறு தோண்டப் பழகினார், அதிலிருந்து எண்ணெய்க் கிணறு. ‘1892 முதல் ஏழு ஆண்டுகள் பர்மா எண்ணெய் வயல்களில் இருந்தார்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். அடுத்த வரியில் நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் அரசாங்கம் கொடுத்த நிலத்தை எடுத்துக்கொண்டார். 1911-ல் கல்யாணம். மூன்று பிள்ளைகள். 1931-ல் மரணம்.

“ஏழு வருஷத்துக்கு ஒரு வரியா?” என்றாள் ராஜி.

ரூபா வெட்டுக்கிளி வந்த இடத்துக்கே மறுபடி போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதில் அம்மாவை இழந்தவர். ராமாயிக்கும் அப்போது அதே வயதுதான் இருந்திருக்கும், காலராவில் எல்லோரும் போனபோது. இரண்டு பேரும் அந்தக் கொட்டகையில் எந்த மொழியில் பேசியிருப்பார்கள்?

பக்கத்தை எழுதியவர் டோரதி, ஹிராமின் பேத்தி. ரூபா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அவருக்கு மின்னஞ்சல் எழுதினாள். முகவரிச் சீட்டு படிக்க மட்டும் போதுமான ஆங்கிலத்தில் ஒரு மனிதரைப் பற்றி எழுதுவது எளிதாக இல்லை. எங்களுக்குச் சொத்து எதுவும் வேண்டாம் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தாள். ராஜி ஒன்றை அழிக்கச் சொன்னாள்.

பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அப்போது அவள் ஃபெரியில் இருந்தாள், விடிந்தும் விடியாத நேரம்.

‘அன்புள்ள ரூபா, எனக்கு எண்பத்தொரு வயது. பள்ளி ஆசிரியையாக இருந்தேன். என் தாத்தாவை நான் பார்த்ததில்லை, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். உங்கள் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டு, என் தம்பியைக் கூப்பிட்டு ஐந்தாவது முறை உரக்கப் படித்தேன். இதோடு ஒரு காகிதம் அனுப்புகிறேன். அரசாங்க நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்தவர் அதைச் சொந்தமாக்கிக்கொள்ளச் சத்தியம் செய்து கொடுக்கவேண்டிய வாக்குமூலம் இது, தாத்தா கொடுத்தது. ஆறாவது கேள்வியைப் பாருங்கள்.’

காகிதத்தின் படம் மங்கலாக இருந்தது. ரூபா விரலால் பெரிதாக்கினாள். 1910-ஆம் வருடம். ஆறாவது கேள்வி: ‘உமக்கு மணமாகியிருக்கிறதா? உம் குடும்பத்தில் யார் யார்?’ பதில் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. ‘மணமாகவில்லை. ஒரு பையன், ரங்கூனில்.’

டோரதி கீழே எழுதியிருந்தார். ‘அங்கே வேலைக்காரர்களைப் பையன் என்றுதான் கூப்பிடுவார்களாம், ஏதோ வேலைக்காரனைச் சொல்லியிருக்கிறார் என்பார் என் அப்பா. வேலைக்காரனை யார் குடும்பத்தில் சேர்த்துச் சத்தியம் செய்வார்கள் என்று நான் கேட்பேன். முப்பது வருடமாக அந்தப் பையன் யாரென்று யோசித்திருக்கிறேன். அவனுடைய அம்மாவின் பெயர் என்ன? சொல்லுங்கள். எழுதி வைக்கவேண்டும்.’

ரூபா அழத் தொடங்கினாள். ஃபெரியில் யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள். பையனை நினைத்திருக்கிறார், பதினோரு வருடம் கழித்தும். ஒரு பக்கம் அது அவளுக்கு நெஞ்சை நிறைத்தது. இன்னொரு பக்கம் கோபம் பொங்கியது. மணமாகவில்லை என்று சொல்ல எப்படி மனம் வந்தது? சோறாக்கிப் போட்டவள், பிள்ளை பெற்றவள், அந்த வரியில் எங்கே இருக்கிறாள்? கிள்ளானில் சந்திரனிடம் யாராவது ஒரு காகிதத்தை நீட்டிக் குடும்பத்தில் யார் யார் என்று கேட்டிருப்பார்கள். அவன் என்ன எழுதியிருப்பான் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

டோரதிக்கு ராமாயியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது, பெயருக்கு மேல் எழுத எதுவும் இல்லை. துறைமுகத்தில் காத்திருந்தாள் என்பது மட்டும்தான் தெரியும். வீட்டிலிருந்த காகிதங்களெல்லாம் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எரிந்துபோனவை. ராமாயியைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். அம்மாவின் அண்ணன் நல்லப்பன். எண்பத்து மூன்று வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சீரியத்தில் மகன் வீட்டில் இருக்கிறார்.

அடுத்த விடுமுறை நாளில் ராஜியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நல்லப்பன் மாமா வாசலில் நாற்காலி போட்டு, லுங்கியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, தபால் பெட்டி அளவுக்கு இருந்த ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்திருந்தார். போனில் ஹிராமின் படத்தைக் காட்டினார்கள். டோரதி அனுப்பியது. மீசை வைத்த ஒல்லி மனிதர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். ரூபா அந்த முகத்தில் தன் வீட்டு ஜாடை எதையாவது காண எத்தனையோ முறை பார்த்துவிட்டாள். ராஜிதான் மாமாவையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “காது!” என்றாள். விரிந்து நிற்கிற அதே காது.

மாமா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இவருதானா? எங்க தாத்தனுக்கும் இப்படித்தான் இருக்கும். எல்லாரும் கேலி பண்ணுவாங்க.”

“மாமா, ராமாயி பூட்டி எப்படி இருப்பாங்க? கடைசி வரைக்கும் அவருக்காகக் காத்திருந்தாங்களே, அதப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?”

“காத்திருந்தாளா? யாரு சொன்னா?”

“அம்மாதான் சொல்லும். கப்பல் வர்ற நாளெல்லாம் துறைமுகத்துல போயி நிப்பாங்கன்னு.”

மாமா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். “ஏம்புள்ள, ஒங்கம்மாவுக்கு என்ன தெரியும்? அது கைக்குழந்த. நான்ல பாத்தவன். பூட்டி அங்க சோத்துக் கடை போட்டிருந்தா. கப்பல் வந்தாத்தான் மூட்ட தூக்குற ஆளுங்க வருவாங்க, ஏவாரம் ஆகும். நிக்காம என்ன பண்ணுவா? சோறு, கருவாட்டுக் கொழம்பு, ரசம். அவ கொழம்புக்கு பர்மாக்காரங்ககூட வந்து நிப்பாங்க.”

ரூபா வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“மொதல்ல ஒரு மூணு நாலு வருஷம் எதிர்பாத்தாளாம். அது நெசந்தான், எங்க அப்பா சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் அங்கப்பனக் கட்டிக்கிட்டா. சம்பான் படகு ஓட்டுனவரு, இந்த ஊருதான். நல்ல மனுசன். எங்க தாத்தன அவருதான் வளத்தாரு. அவரு ஒறவால்ல நாங்க இங்க வந்தது.”

“அப்ப ஏன் அம்மா அப்படிச் சொல்லிச்சு?”

“ரெண்டாங் கல்யாணம்னு சொல்றதுக்குக் கூச்சமா இருந்திருக்கும். எங்கம்மாதான் அப்படி மாத்திச் சொல்லும். பூட்டிக்கு ஒரு கூச்சமும் கெடையாது. சுருட்டு குடிப்பா. பர்மாக்காரி மாதிரி தமேய்ன் பாவாட கட்டி, மூஞ்சி நெறைய தனக்காச் சாந்து பூசிக்கிட்டு, அங்கப்பன எல்லாரு முன்னாடியும் பேரு சொல்லிக் கூப்புடுவா. சிரிச்சா தெருவுக்கே கேக்கும்.”

ராஜி சத்தமாகச் சிரித்தாள். ரூபாவும் சிரிக்கப் பார்த்தாள். இத்தனை வருடமாக அவள் மனதில் துறைமுகத்தில் ஒரு வெள்ளைச் சேலைக்காரி நின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் இப்போது சுருட்டுப் புகையும் கருவாட்டு மணமும் இருந்தன.

“துரையப் பத்திப் பேசவே மாட்டாங்களா, மாமா?”

“ஒரே ஒருக்கா. எனக்கு எட்டு வயசிருக்கும். மண்ணெண்ணெ வெளக்கு சாய்ஞ்சு என் கையெல்லாம் எண்ணெ. பூட்டி கையப் புடிச்சுத் தொடச்சுவிட்டா. தொடச்சுக்கிட்டே மோந்து பாத்தா. ‘ராமு கையி இப்படித்தான்டா, எத்தன சோப்புப் போட்டாலும் போவாது’ன்னா. யாரு ராமுன்னு கேட்டேன். என் கைய விடல. அங்கப்பன் தாத்தா சாப்பாட்டுக்குக் கூப்புட்டாரு, எந்திரிச்சுப் போயிட்டா.”

மாமா மறுபடி ரேடியோவை எடுத்துக்கொண்டார். மருமகள் மூவருக்கும் தட்டு வைத்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாலத்தின் மேல் வந்ததும், ரூபா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். பேச்சை முடித்துவிடவேண்டும் என்ற அவசரம் குரலில் இருந்தது.

“ராஜி, ஒங்கப்பாவுக்கு அங்க வேற குடும்பம் இருக்கு. கமால் மாமா பாத்திருக்காரு. நாலு வருஷமா எனக்குத் தெரியும்.”

ராஜி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தமிழில் சொன்னாள், வார்த்தைகளைத் தேடித் தேடி. “தெரியும்மா. ரெண்டு வருஷம். பேஸ்புக்ல பாத்தேன். நீ அழுவேன்னு சொல்லல.”

கீழே ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.

“காட்டு,” என்றாள் ரூபா.

“வேணாம்மா.”

“காட்டு.”

படத்தில் சந்திரன் ஏதோ ஒரு கடற்கரையில் நின்றிருந்தான். தோளில் நாலு வயதுப் பெண் குழந்தை. முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. ரூபா தைத்துக் கொடுத்த சட்டை எதுவும் இத்தனை வருடம் தாங்கியிருக்காது. ஆனாலும் முதலில் சட்டையைத்தான் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது, ஆனால் அவள் நினைத்த அளவுக்கு இல்லை. அதைவிட, அந்தத் தோளில் கைவைத்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்புத்தான் முந்திக்கொண்டு வந்தது. அதற்காக அவள் தன்னை நொந்துகொண்டாள்.

அன்று மாலையே டோரதிக்கு எழுதினாள். ராமாயி சோற்றுக் கடை நடத்தினாள். அங்கப்பன் என்பவரை மணந்தாள். சத்தமாகச் சிரிப்பாள். 1951-ல் இறந்தாள், பிறந்த வருடம் யாருக்கும் தெரியாது. எண்ணெய்க் கையைப் பற்றி எழுத மூன்று முறை முயன்றாள். மூன்றாவது முறை சரியாக வந்ததாக ராஜி சொன்னாள்.

ஒரு வாரத்தில் அந்தப் பக்கத்தில் ஏழு வருடத்துக்கு ஒரு வரி இருந்த இடம் ஒரு பத்தியாக வளர்ந்திருந்தது. டோரதி தனியாக ஒரு குறிப்பும் அனுப்பினார். ‘தாத்தா கடைசி வருடங்களில் படுத்தபடியே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். பாட்டிக்கு அது புரியவில்லை. என்ன சொல் என்று கேட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மன்னியுங்கள்.’ ரூபா அதைப் படித்துவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அது ஒரு பெயராக இருந்திருக்கலாம். சோறு என்றோ தண்ணீர் என்றோகூட இருந்திருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

கார்த்திகை மாதம் ராஜிக்கு இருபது வயது முடிந்தது. அன்று ரூபா மகளிடம் சந்திரனின் பேஸ்புக் கணக்கைக் கேட்டு வாங்கி, தன் போனிலிருந்தே அவனுக்கு எழுதினாள். ‘ராஜிக்கு இருபது முடிஞ்சிருச்சு. நாங்க நல்லா இருக்கோம். ஒங்க சின்னப் பொண்ணப் பாத்தேன். ஒடம்பப் பாத்துக்குங்க.’ இனிமேல் வருவீர்களா என்று கேட்கவில்லை. கேட்பதற்கு அந்தக் கேள்வி அவளிடம் அப்போது இல்லை.

அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. நாலு நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், கைகழுவிவிட்டு வந்து பார்த்தபோது, செய்திக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று இருந்தது. வார்த்தை ஒன்றுகூட இல்லை. ரூபா ஈரக்கையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அழுத்துவதற்கு முன் அவன் எவ்வளவு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தாள். மணி அடித்தது. அடுத்த வரிசைப் பெட்டிகள் மதுரைக் கோபுர உயரத்துக்கு ஏறி நிற்கின்றன என்று பக்கத்து மேசைப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். மதுரை எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். “எங்க பூட்டி வந்த நாட்டுல. நானும் பாத்ததில்ல,” என்றாள் ரூபா.